பழைய மேம்பாலம்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐம்பது வயதான நகர்ப்புற மேம்பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏதாவது ஒரு குறை கண்ணில் படும். கறை, விரிசல், பெயர்ந்த காரை, வெளியே தெரியும் கம்பி. இவற்றில் எது வயதின் அடையாளம், எது ஆபத்தின் அடையாளம் என்று பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. பாலப் பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் இளநிலைப் பொறியாளர்களை நினைத்து இதை எழுதுகிறேன். பாலத்தடியில் கடை வைத்திருப்பவர்களும், தினமும் அதன் கீழ் பேருந்துக்கு நிற்பவர்களும் படித்தால் இன்னும் நல்லது. ஆய்வுக்கு வருகிறவர் எப்போதோ ஒருமுறை பார்க்கிறார். அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

சென்னை அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது 1973-ல். உலகின் பல நகரங்களில் இன்று கவலை தரும் பாலங்களும் 1960-களிலும் 70-களிலும் கட்டப்பட்டவைதான். அந்தத் தலைமுறைப் பாலங்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இடிந்த சில பாலங்களின் விசாரணை முடிவுகளை இங்கே அந்தந்த அறிகுறியோடு சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் பெரும்பாலும் வேறொன்று. தெரிகிற இடத்தில் மட்டும் பூசிவிட்டுப் போவதால்தான் அதே பழுது அடுத்த மழைக்குள் திரும்பி வருகிறது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் இரண்டு கேள்விகள்: தண்ணீர் எங்கிருந்து இங்கே வந்தது? வண்டியின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? இந்த இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம்தான் பாலத்தின் மிக ஆபத்தான இடம்.

கையில் வேண்டியவை: சிறு சுத்தியல், விரிசல் அகலம் பார்க்கும் அட்டை, நல்ல டார்ச், பைனாகுலர், சாக்பீஸ், கேமரா. கிடைத்தால் பழைய வரைபடம். மழை பெய்யும்போதோ, விட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளோ போங்கள். வெயில் காலத்தில் பார்த்தால் கறைதான் தெரியும். மழையில் பார்த்தால் தண்ணீர் வரும் வழியே தெரியும்.

காரணம் தேடாமல் முதலில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியவை

- உத்திரம் தாங்கியில் (பேரிங்) உட்காரும் முனையில் சாய்வான விரிசல். அதிலும் விரிசலின் இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று இறங்கியிருந்தால்.
- தாங்கும் இடத்தின் அருகிலிருந்து கான்கிரீட் துண்டுகள் புதிதாக விழுவது. உடைந்த முகம் வெளிறிச் சுத்தமாக இருந்தால் அது புதிது.
- கைப்பிடிச் சுவரின் மேல்கோடு ஒரு ஜாயின்டில் (இரு தளங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில்) திடீரெனத் தாழ்ந்திருப்பது.
- எஃகு உத்திரத்தில் முறிவு, அல்லது இணைப்புத் தகடு வளைந்து புடைத்திருப்பது.
- வெள்ளத்துக்குப் பின் தூண் சாய்ந்திருப்பது, அல்லது அடித்தளம் வெளியே தெரிவது.

இவற்றில் ஒன்றைப் பார்த்தால் மேலே ஓடும் வண்டிகளை மட்டும் நிறுத்தினால் போதாது. கீழே போகிறவர்களையும் நிறுத்த வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது விரிசல் பகுதியில் புரியும்.

தூண் தலையில் கருங்கறை, பாசி, உப்புப் பூத்தல், மரக்கன்று

மிகச் சாதாரணமாகத் தெரியும் அறிகுறி இதுதான். என் கணிப்பில் மிக முக்கியமானதும் இதுதான். உத்திரங்கள் வந்து உட்காரும் தூண் தலையில் கருப்பாகக் கோடு கோடாக வழிந்திருக்கும். சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அரசமரக் கன்று ஒன்று முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: வேர் பிடிக்கும் அளவுக்கு அங்கே மண்ணும் ஈரமும் தங்குகிறது. கன்றை வெட்டிவிட்டு வருவது பாதி வேலைகூட ஆகாது.

கீழே கறை கண்ட இடத்துக்கு நேர் மேலே போய்ப் பாருங்கள். அங்கே விரிவு ஜாயின்ட் இருக்கிறதா? அதன் ரப்பர்ப் பட்டை கிழிந்திருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா, அல்லது புதுத் தார் போட்டபோது ஜாயின்டையே மூடிவிட்டார்களா? ஜாயின்ட் சரியாக இருந்தால் அடுத்தது வடிகால். சாலையோரத்து வடிகால் வாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வந்தால் நல்லது. வாயிலேயே நின்றால் அடைப்பு. உத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்தால் குழாய் உடைந்திருக்கிறது, அல்லது மிகக் குட்டையாக இருக்கிறது. குழாயின் முனை உத்திரத்தின் அடிமட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் காற்றில் தண்ணீர் திரும்பி உத்திரத்தின் மேலேயே அடிக்கும்.

கறை ஜாயின்ட் பக்கமும் இல்லை, வடிகால் பக்கமும் இல்லை, தளத்தின் நடு அடிப்பக்கத்தில் இருக்கிறது என்றால் தண்ணீர் தளக் கான்கிரீட்டையே ஊடுருவுகிறது. வெள்ளைப் படிவம் மட்டும் என்றால் சுண்ணாம்பு கரைந்து வெளியேறுகிறது. அதோடு செம்பழுப்பும் கலந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

இதைச் சாதாரண வீட்டு ஒழுக்கல்போல் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். ஃபெர்ன் ஹாலோ பாலம் 1970-களில் கட்டப்பட்டது. வர்ணம் தேவைப்படாத, தன் துருவையே கவசமாக்கிக்கொள்ளும் வகை எஃகு. அந்தக் கவசம் உருவாக எஃகு நனைந்து, பிறகு முழுமையாக உலர வேண்டும். அங்கே மேலே வடிகால்கள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் கால்களின் வழியே இறங்கியது. காலடியில் இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து எஃகை எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தன. கவசம் உருவாகவில்லை; தகடு அரித்துக்கொண்டே போனது. 2011 முதலே அந்தப் பாலம் மோசமான நிலை என்று ஆய்வறிக்கைகளில் பதிவாகி வந்தது. வடிகாலைச் சரிசெய்யும்படி பரிந்துரைகள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. 2022 ஜனவரி 28 காலையில் பாலம் பள்ளத்தாக்கில் விழுந்தது. ஒரு பேருந்தும் சில கார்களும் பாலத்தோடு போயின, உயிர்ச்சேதம் இல்லை. காலில் இருந்த இணைப்புத் தகடு ஒன்று அரித்துப்போய் முறிந்ததே தொடக்கம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது காலடியில். தொடங்கியது சாலை மட்டத்து வடிகாலில்.

இதே கதை 1983-லும் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் மயனஸ் ஆற்றின் மேலுள்ள நெடுஞ்சாலைப் பாலத்தில், பல ஆண்டுகளுக்கு முன் சாலை போட்டபோது வடிகால்களை மூடிவிட்டார்கள். தண்ணீர் உத்திரங்களைத் தொங்கவிட்டிருந்த ஊசி (பின்) இணைப்புகளில் இறங்கியது. துரு சேர்ந்து, தொங்கு தகட்டை ஊசியிலிருந்து வெளியே தள்ளியது. ஜூன் 28 அதிகாலையில் பாலத்தின் ஒரு பகுதி விழுந்து 3 பேர் இறந்தார்கள்.

ஆகவே இந்த அறிகுறிக்குச் சிகிச்சை மேலிருந்து தொடங்க வேண்டும். முதலில் வடிகாலைத் திறந்து குழாயை நீட்டுங்கள். பிறகு ஜாயின்ட் ரப்பரை மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் தூண் தலையில் உள்ள பழுதைத் தொட வேண்டும். ஒரு பாலத்துக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வர்ணம் அடிக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன் வடிகாலைத் திறந்துவிடுங்கள். தூணைச் சுற்றிப் பலகை அடித்து ஓவியம் வைப்பதும், செடித்தொட்டிகளால் மூடுவதும் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆய்வாளர் பார்க்க வேண்டிய முகத்தை அவை மறைத்துவிடுகின்றன. செடிக்கு ஊற்றும் தண்ணீரும் கான்கிரீட்டில்தான் இறங்குகிறது.

அடிப்பக்கக் காரை பெயர்கிறது, கம்பி வெளியே தெரிகிறது

கம்பி துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பெருக்கிறது. துரு, அது பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து பெயர்கிறது. ஆகவே பெயர்ந்த இடத்தைப் பார்க்கும்போது துரு பல ஆண்டுகளாக வேலை செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பெயர்ந்த இடத்தை விட்டுவிட்டு அதன் சுற்றுப்புறத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. கெட்டியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே பிரிந்திருந்தால் பொத்தலான மந்தச் சத்தம் வரும். மந்தச் சத்தம் வரும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரிந்ததைவிடப் பழுது பல மடங்கு பெரிதாக இருப்பது வழக்கம்.

அடுத்து, ஏன் துருப்பிடித்தது என்று பிரிக்க வேண்டும். காரணம் இரண்டில் ஒன்று. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்திருக்கலாம். அல்லது உப்பு, அதாவது குளோரைடு, உள்ளே போயிருக்கலாம். புதிதாக உடைத்த முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிச்சமுள்ள இடம் இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறமில்லாமல் இருக்கும். நிறமில்லாத பகுதி கம்பியைத் தொட்டுவிட்டால் காரணம் கரியமில வாயு. கம்பியைச் சுற்றி நல்ல இளஞ்சிவப்பு இருந்தும் துரு ஓடுகிறது என்றால் உப்பைச் சந்தேகியுங்கள். துளைபோட்டு வெவ்வேறு ஆழத்தில் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு வில்லன். நம் கடலோர நகரங்களில் அந்த வேலையைக் கடற்காற்று செய்கிறது. கட்டுமானத்தின்போது உவர்நீர் கலந்திருந்தால் வெளியிலிருந்து வராமல் உள்ளேயே உப்பு இருக்கும். அப்படியானால் எல்லா ஆழத்திலும் ஒரே அளவு காட்டும்.

துரு இப்போதும் ஓடுகிறதா என்று அறிய அரைமின்கல முறையில், கான்கிரீட்டின் மேல் வைக்கும் மின்முனையோடு ஒப்பிட்டுக் கம்பியின் மின்னழுத்தம் பார்க்கலாம். தாமிர சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு ஓடுவதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். மைனஸ் 200-ஐவிட மேலே இருந்தால் துரு இல்லாததற்கான வாய்ப்பு அதே அளவு. நடுவில் இருந்தால் வேறு சோதனையும் தேவை. மேற்பரப்பில் மோதித் துள்ளும் அளவை வைத்துக் கான்கிரீட்டின் பலத்தை மதிப்பிடும் துள்ளு சுத்தியலின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கரியமில வாயு படிந்த பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும். அதனால் உள்ளே பலம் இல்லாத கான்கிரீட்டுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும்.

இப்போது ஒட்டுப்போடும் விஷயம். உப்பு ஏறிய பாலத்தில் பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தி, புதுக் கான்கிரீட் வைத்துப் பூசினால் சில ஆண்டுகளில் அந்த ஒட்டைச் சுற்றியே புதிதாகப் பெயரும். இதற்குப் பூச்சு வேலைக்காரரைக் குறைசொல்வது தவறு. முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த கம்பிப் பகுதி, மின்வேதியியல் வகையில் தன் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைப் புதுக் கான்கிரீட்டால் மூடியதும் அந்தக் காவல் போய், பக்கத்துப் பகுதி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. எனவே மந்தச் சத்தம் வந்த எல்லையைத் தாண்டி வெட்டுங்கள். கம்பியின் பின்புறத்திலும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்துங்கள். கம்பியை மணல் வீசிச் சுத்தம் செய்யுங்கள். ஒட்டின் விளிம்பில் கம்பியோடு இணைத்துத் துத்தநாகக் கட்டிகளை வையுங்கள். கம்பிக்குப் பதில் அவை கரையும். கம்பியின் விட்டத்தை அளந்து, எவ்வளவு போய்விட்டது என்று எழுதுங்கள். கால்பங்கு போயிருந்தால் அது பூச்சு வேலையைத் தாண்டிய விஷயம். தாங்கும் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

விரிசல்: அகலத்தைவிடத் திசையும் இடமும் முக்கியம்

0.3 மி.மீ.க்கு மேல் என்றால் கவலை, கீழே என்றால் விட்டுவிடலாம் என்று பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த எண் கம்பியைத் துருவிலிருந்து காப்பதற்கான வரம்பு. பாலம் விழுமா என்பதை அது சொல்லாது.

உத்திரத்தின் நடுவில், அடியிலிருந்து செங்குத்தாக மேலேறும் மெல்லிய விரிசல்கள் சாதாரணக் கம்பிக் கான்கிரீட்டில் எதிர்பார்க்கக்கூடியவை. அதே விரிசல் முன்தகைவு உத்திரத்தில் (இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள்களால் கான்கிரீட்டை இறுக்கிய உத்திரத்தில்) இருந்தால் கதை வேறு: கேபிளின் இறுக்கம் குறைந்திருக்கலாம். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளவாக்கில் விரிசல் இருந்தால் துரு. முகம் முழுவதும் வலைபோல் பின்னியிருந்து ஓரங்களில் ஈரம் கசிந்தால், கற்களுக்கும் சிமென்ட்டுக்கும் இடையே வேதிவினை நடக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். தூணுக்கு அருகே, உத்திரத்தின் பக்கவாட்டில், தாங்கியிலிருந்து நடுப்பக்கமாகச் சாய்ந்து மேலேறும் விரிசல்தான் ஷியர் விரிசல், அதாவது பாரம் உத்திரத்தைக் குறுக்கே வெட்டப் பார்ப்பதால் வரும் விரிசல். அது மெல்லியதாக இருந்தாலும் விடக்கூடாது. வளைவினால் பாதிக்கப்படும் உத்திரம் தொய்ந்து முன்னெச்சரிக்கை கொடுக்கும். ஷியரில் போகும் உத்திரம் பெரும்பாலும் கொடுக்காது.

கனடாவில், மான்ட்ரியலை ஒட்டிய லவால் நகரத்தில் டி லா கான்கார்ட் மேம்பாலம் 1970-ல் கட்டப்பட்டது. இரு பக்கத்திலிருந்தும் தளம் நீண்டு வந்து பாதித் தடிமனில் ஒரு படியாக முடியும். நடுத்தளத்தின் முனைகள் தலைகீழ்ப் படியாக அதன்மேல் உட்காரும். ஹாஃப் ஜாயின்ட் என்பது இதுதான். பாரம் முழுவதும் இறங்குவது அந்தப் பாதித் தடிமனில். தண்ணீர் இறங்குவதும் சரியாக அதே பிளவில். இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதைவிட, அந்த இடத்தின் உட்பக்கத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

2006 செப்டம்பர் 30 அன்று பகல். பாலத்தடியில் கான்கிரீட் துண்டுகள் கிடப்பதாகத் தகவல் போனது. சாலை ரோந்துக்காரர் வந்தார், துண்டுகளை அகற்றினார், ஆய்வு தேவை என்று தகவல் கொடுத்தார். ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும்; பாலம் விழுந்தது. 5 பேர் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள். கியூபெக் மாகாணத்தின் முன்னாள் முதல்வர் பியர் மார்க் ஜான்சன் தலைமையிலான விசாரணைக் குழு பல காரணங்கள் சேர்ந்ததைக் கண்டது. முனையில் கம்பிகள் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கப்படவில்லை. தடித்த அந்தத் தளத்தில் ஷியருக்கான கம்பிகள் இல்லை. கான்கிரீட்டின் தரம் உறைபனிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1992-ல் ஜாயின்ட் பழுதுபார்த்தபோது கான்கிரீட்டை உடைத்துக் கம்பிகளைத் திறந்தார்கள். கம்பிகள் தவறான இடத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு அன்று நழுவியது.

அந்த ரோந்துக்காரர் தன் வேலையைச் செய்தார் என்றே நினைக்கிறேன். அந்த இடத்திலிருந்து விழும் துண்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.  உங்கள் பொறுப்பில் ஹாஃப் ஜாயின்ட் உள்ள பாலம் இருந்தால் அதைத் தனிப் பட்டியலில் வையுங்கள். ஜாயின்டை எதற்காகத் திறந்தாலும் சரி, உள்ளே தெரியும் கம்பிகளை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுக்காமல் மூடாதீர்கள்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அதன் இரு முனைகளிலும் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டிவைப்பது பழைய முறை. இன்றும் வேலை செய்யும். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் விரிசல் தானாகவே விரிந்து சுருங்கும் என்பதால் எப்போதும் ஒரே நேரத்தில், முடிந்தால் விடியற்காலையில், அளவெடுங்கள்.

வெளியே எதுவும் தெரியாத முன்தகைவுப் பாலம்

கஷ்டமான வகை இது. கேபிள்கள் உறைக்குள், உறை கான்கிரீட்டுக்குள். உறையில் செலுத்திய சிமென்ட் பால் முழுதாக நிரம்பாமல் வெற்றிடம் விட்டிருந்தால் அங்கே ஈரம் தங்கி, கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே கறைகூடத் தெரியாமல் போகலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் 1971-ல் முடிந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலை ஆற்றில் விழுந்தது. சில நிமிடங்கள் முன்புதான் கடைசி டிராம் கடந்திருந்தது. கட்டிய காலத்திலேயே முன்தகைவு எஃகுக்குள் தொடங்கிய நுண்விரிசல்கள் மெல்ல வளர்ந்து அதை முறித்தன.

இங்கே கண்ணைவிடக் காது உதவும். லண்டனின் ஹாமர்ஸ்மித் மேம்பாலத்தில் (1961) இழை அறும் ஒலியைப் பிடிக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். உப்புநீர் இறங்கிக் கேபிள்கள் கெட்டிருப்பது தெரியவந்ததும் 2011 டிசம்பரில் பாலத்தை மூடினார்கள். கிறிஸ்துமஸ் நேரம், அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸ் வேறு. ஆனாலும் மூடினார்கள், புதுக் கேபிள்கள் சேர்த்தார்கள், 2012-ல் முழுமையாகத் திறந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடிந்த பாலங்களைப் பற்றியே பேசும் நாம் இந்தப் பாலத்தைப் பற்றியும் அடிக்கடி பேச வேண்டும்.

கருவி வாங்க வசதி இல்லையென்றால் என்ன செய்வது? கேபிள் முனைகளை மூடிய கான்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வரைபடத்தில் கேபிளின் உச்சி எங்கே வருகிறது என்று பார்த்து, வெற்றிடம் தங்க வாய்ப்புள்ள அந்த இடத்தில் கவனமாகத் துளையிட்டுச் சிறு கேமரா விட்டுப் பார்க்கலாம். கேபிளை வெட்டிவிடும் ஆபத்து இருப்பதால் அனுபவம் உள்ளவர்தான் துளையிட வேண்டும்.

ஜாயின்டில் தடக் தடக் சத்தம், இடைவெளி மாறியிருக்கிறது

வண்டி ஏறும்போது எழும் சத்தம் பெரும்பாலும் தளர்ந்த போல்ட் அல்லது உடைந்த விளிம்பு. எளிய வேலை. ஆனால் இடைவெளியை அளந்து பாருங்கள். 30 மீட்டர் உத்திரம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 7 மி.மீ. அளவுக்கு நீளும், சுருங்கும். காலையிலும் மதியத்திலும் அளந்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஜாயின்டில் கல் அடைத்திருக்கிறது, அல்லது கீழே பேரிங் இறுகிவிட்டது. நகர முடியாத உத்திரம் அந்த விசையைத் தூண் தலையில் காட்டும். அங்கே புது விரிசல் வரும். ரப்பர் பேரிங் ஒரு பக்கம் பிதுங்கியோ, கிழிந்தோ, இடம் நகர்ந்தோ இருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது அந்தத் தூணின் மேலுள்ள எல்லா உத்திரங்களையும் ஒரே அளவில் சேர்ந்தே தூக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் தளத்தில் விரிசல் விழும்.

பாலம் ஆடுகிறது

நின்றால் அதிர்வு தெரிகிறது என்பது பல நல்ல பாலங்களுக்கும் பொருந்தும். முன்பு இல்லாத ஆட்டம் இப்போது வந்திருந்தால்தான் அறிகுறி. எந்த முனை அதிகம் எழும்புகிறது என்று கீழிருந்து பாருங்கள். பாரம் கீழ்நோக்கித்தான் இறங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில அமைப்புகளில் உத்திரத்தின் ஒரு முனை மேலே எழும்பாமல் கம்பிகளால் கட்டிவைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து வாஷிங்டன் பாலத்தில் அப்படிப்பட்ட பிடிகம்பிகள் முறிந்திருப்பது தெரிந்ததும் 2023 டிசம்பரில் ஒரு பக்கச் சாலையை முழுவதும் மூடினார்கள். பிறகு இடித்துப் புதிதாகக் கட்ட முடிவாயிற்று.

எஃகுப் பகுதியில் வளைவும் கீறலும்

துரு பரந்து தெரியும், பயமுறுத்தும். எஃகில் நான் அதிகம் பயப்படுவது மெல்லிய கீறலுக்கு. வெல்டிங் முனைகளிலும் போல்ட் துளைகளிலும் வர்ணத்தில் ஒரு கோடும், அதிலிருந்து வழியும் செம்பழுப்புத் தூளும் தெரிந்தால் வர்ணத்தைச் சுரண்டி, சாயம் அல்லது காந்தத்தூள் சோதனை செய்யுங்கள். மெம்ஃபிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேலுள்ள ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில் பிரதான உத்திரம் ஒன்றில் இருந்த முறிவு 2021 மே மாதம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தேடிப் பார்த்தபோது 2016-ல் எடுத்த படத்திலேயே அது இருந்தது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலை நெரிசலில் விழுந்து 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். இணைப்புத் தகடுகள் வடிவமைப்பிலேயே தேவையான தடிமனில் பாதிதான் இருந்தன. 2003-ல் எடுத்த படங்களில் அவை வளைந்திருப்பது தெரிகிறது. அன்று மேலே பழுதுபார்ப்புக்காக மணலும் கல்லும் வண்டிகளும் குவிக்கப்பட்டிருந்தன. தகடு வளைந்திருப்பதைக் கண்டால் அது கட்டும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் என்று யாராவது சொல்லுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சாலை மட்டம் உயர்ந்திருக்கிறது, கைப்பிடிச் சுவர் குட்டையாகியிருக்கிறது

இதை யாரும் கோளாறாகவே பார்ப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேல் புதுத் தார் போட்டுக்கொண்டே போனால் வரும் நிலை இது. 10 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கண்ணில் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியில்) 75 மி.மீ. கூடுதல் தார் ஏறக்குறைய 52 டன். இரவும் பகலும் இறங்காமல் நிற்கும் பாரம். ஃபெர்ன் ஹாலோ பாலத்தில் தாங்குதிறன் கணக்கில் எடுத்துக்கொண்டதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தடிமனில் தார் இருந்தது. கணக்குச் சரியாக இருந்திருந்தால் அந்தப் பாலம் இடியும் முன்பே மூடப்பட்டிருக்கும். எனவே ஒவ்வொரு கண்ணிலும் சில இடங்களில் துளைத்துத் தாரின் தடிமனை அளந்து, கணக்கில் சேருங்கள். அதிகமாக இருந்தால் சுரண்டி எடுங்கள். பாலத்தின் பலத்தைக் கூட்டும் வழிகளில் இதைவிட மலிவானது கிடையாது.

எழுதி வைப்பது

இந்தியச் சாலை காங்கிரஸின் எஸ்பி 35 வழிகாட்டியில் ஆய்வுப் படிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதோடு ஒவ்வொரு குறைக்கும் எதிரே இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொல்வேன்: இதை யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். தேதி கடந்தால் அடுத்த மேலதிகாரிக்குத் தானாகப் போக வேண்டும். பிட்ஸ்பர்க்கில் எழுதப்பட்ட பரிந்துரைகளுக்குக் குறைவே இல்லை. அவற்றை நிறைவேற்றத்தான் ஆளில்லாமல் போயிற்று.

இடத்தைக் குறிக்கும்போது "பாலத்தின் நடுவில்" என்று எழுதாமல் தூண் எண், உத்திர எண், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். படத்தில் ஓர் அளவுகோலும் தேதியும் தெரிய வேண்டும்.

பொதுமக்கள் பார்த்தது என்றால்: தேசிய நெடுஞ்சாலைப் பாலத்துக்கு 1033, சென்னை மாநகராட்சிப் பாலத்துக்கு 1913. யாருடைய பாலம் என்று தெரியாவிட்டாலும் புகார் கொடுங்கள். பிரித்து அனுப்புவது அவர்கள் வேலை. கான்கிரீட் விழுந்துகொண்டிருக்கிறது என்றால் முதலில் காவல்துறையைக் கூப்பிடுங்கள், அவர்களால்தான் உடனே வண்டிகளை நிறுத்த முடியும். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து, அதையும் அதே எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள்.